செம்பருத்தி டீயில் தலை அலசினால் முடி கொட்டுவது நிற்குமா?

சோழிங்கநல்லூர் பக்கம் ஹாஸ்டலில் இருக்கிறீர்கள், போர்வெல் தண்ணீர்தான் வருகிறது, ஒரு மாதமாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. கடையில் வாங்கிய காய்ந்த செம்பருத்தி டீயைக் கொதிக்கவைத்துத் தலை அலசலாமா, அதோடு கிரீன் டீ, ரோஸ்மேரி எல்லாம் சேர்க்கலாமா, ஷாம்பூவை விட்டுவிடலாமா, ஹாஸ்டலில் செடி இல்லாதவர்கள் பூவுக்கு எங்கே போவது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இதைச் செய்தால் முடி கொட்டுவது நிற்குமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலசினால் முடி மென்மையாகும், சிக்கு விழுவது குறையும், சீவும்போது அறுந்துபோவது குறையும். வேரோடு உதிர்வதை அலசல் நிறுத்திவிடும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்புறம், கேள்வியின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அக்டோபர் கடைசியில் டெங்கு வந்து பத்து நாள் படுத்துவிட்டேன்." இது ஜனவரி. எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் படுகிறது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

நான் வேதியியல் படித்தவள். 22 வருடமாக மேற்கு மாம்பலத்தில் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துகிறேன். மருத்துவர் இல்லை. முடி இழைக்கு எது நல்லது, எது கெடுதல் என்பதைப் படித்தும் கையால் தொட்டும் தெரிந்துகொண்டிருக்கிறேன். முடி ஏன் உதிர்கிறது என்று சோதித்துச் சொல்வது தோல் மருத்துவரின் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நீங்கள் வாங்கிய பாக்கெட்டில் இருப்பது நம் வீட்டு வாசல் செம்பருத்தியாக இருக்க வாய்ப்பு குறைவு. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் 'ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா' என்று இருக்கும். அது கோங்குரா வகைச் செடி, நம் ஊர்ப் புளிச்சகீரைக்கு நெருங்கிய சொந்தம். அதில் டீ போடுவது பூவின் இதழை வைத்து அல்ல. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு சிவப்பாக நிற்குமே புல்லிவட்டம், அதைக் காயவைத்து விற்கிறார்கள். ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள், நன்றாகப் புளிக்கும். பாட்டிமார்கள் தலைக்கு அரைத்தது 'ஹைபிஸ்கஸ் ரோஸா-சினென்சிஸ்' என்ற வேறு செடி. நாட்டு மருந்துக் கடையில் செம்பரத்தை என்றும் சொல்வார்கள். அதன் இலையைக் கசக்கினால் கை வழவழவென்று ஆகும், புளிப்பு கிடையாது. ஆக, ஒன்றின் பலம் புளிப்பு, மற்றதன் பலம் வழவழப்பு. தலைமுடிக்கு இரண்டும் வெவ்வேறு விதத்தில் உதவும். ஒன்றைப் பற்றிச் சொன்னதை மற்றதற்கும் எடுத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம்.

வழவழப்பு எங்கிருந்து வருகிறது? பருத்தி, வெண்டைக்காய், செம்பருத்தி மூன்றும் ஒரே குடும்பம். வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டுகிற கொழகொழப்பும் செம்பருத்தி இலையின் கொழகொழப்பும் ஒரே வகை. நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் அவை. முடி இழையின் மேல்புறம் ஓட்டுவீட்டுக் கூரை போல, ஒன்றின் மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. அந்தச் செதில்கள் மேல் இந்தக் கொழகொழப்பு மெல்லிய படலமாகப் படிந்தால் இழையும் இழையும் உரசிக்கொள்வது குறைகிறது, சீப்பு வழுக்கிக்கொண்டு போகிறது. கண்டிஷனர் செய்கிற வேலையில் ஒரு பகுதி இது. சுருட்டை முடிக்கும், நுனி வறண்டுபோன நீள முடிக்கும் இது நன்றாகவே கைகொடுக்கிறது, அதை என் கையால் பார்த்திருக்கிறேன். இதில் பூவைவிட இலைதான் அதிகம் கொடுக்கும். பூ அழகாக இருப்பதால் எல்லோரும் பூவையே தேடுகிறார்கள், இலையைத் தூக்கிப் போடுகிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஆகாத விஷயம்.

புளிப்பின் வேலை வேறு. அமிலமா காரமா என்று காட்டும் எண்தான் பிஎச், 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். மண்டைத் தோலின் பிஎச் அளவு சுமார் 5.5. முடி இழையுடையது இன்னும் குறைவு, 3.7-ஐ ஒட்டி இருக்கும். அதாவது இரண்டுமே லேசான அமிலப் பக்கம். காரத்தன்மையுள்ள சோப்பைப் போட்டால் செதில்கள் தூக்கிக்கொள்ளும், முடி சொரசொரப்பாகும். லேசாகப் புளிப்பான தண்ணீரில் கடைசியாக அலசினால் அவை மறுபடி படிந்து உட்காரும். அதனால்தான் பளபளப்பு. நம் பெண்கள் இதை வேறு பெயரில் காலங்காலமாகச் செய்திருக்கிறார்கள்: சாதம் வடித்த கஞ்சியைப் புளிக்கவைத்து அலசுவார்கள், எலுமிச்சைச் சாறு சேர்ப்பார்கள். உங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பயன் இருக்கிறது. உங்கள் ஹாஸ்டல் பக்கெட்டின் உட்புறம் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும் என்று நினைக்கிறேன். சென்னையில் கடலோரம் ஒட்டிய பகுதிகளில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் அப்படித்தான். அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் முடியிலும் படியும். சோப்பு போட்டால் இன்னும் மோசம், இரண்டும் சேர்ந்து கரையாத பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். காய்ந்த செம்பருத்தி டீயில் சிட்ரிக் அமிலமும் அதைப் போன்ற வேறு அமிலங்களும் இருப்பதால் அந்தப் படிவை ஓரளவு கரைக்கும். உப்புத் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு இந்த டீ அலசலால் உடனே வித்தியாசம் தெரிவது இதனால்தான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வீட்டுச் செம்பருத்தி இதழ் நாலைந்தை வெந்நீரில் போட்டு வையுங்கள், நிறம் இறங்கும். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் ரோஜா நிறத்துக்கு மாறும். சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகிவிடும். பள்ளிக்கூட அறிவியல் பாடத்தில் வருகிற நிறங்காட்டி இதுதான். நீங்கள் தலைக்குப் போடுகிற சோப்பு, பொடி, கலவை எதுவானாலும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பச்சையாக்குகிற எதையும் நான் யார் தலையிலும் போடுவதில்லை.

சரி, உதிர்வதற்கு வருவோம். கொட்டுகிற முடி எல்லாம் ஒன்றல்ல. விழுந்த முடியை வெள்ளைத் துண்டின்மேல் வைத்து இரண்டு முனைகளையும் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து வந்தது. குமிழே இல்லாமல் குட்டையாக, முனை சிதைந்து இருந்தால் நடுவில் அறுந்தது. அறுந்து விழுவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் செம்பருத்தி உண்மையாகவே உதவும், ஏனென்றால் உரசலும் சிக்கும் வறட்சியும்தான் அறுவதற்குக் காரணம். குமிழோடு விழுகிறது என்றால் விஷயம் வேறு. நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை விழுவது சாதாரணம். கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி போன்ற உணவுக் கட்டுப்பாடு, இவற்றில் ஏதாவது வந்தால் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் நிறைய ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும். அவை உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் அப்படியே இருந்துவிட்டு, உடம்பு தேறி, நாமும் காய்ச்சலையே மறந்த பிறகு மொத்தமாக விழும். டெலோஜென் எஃப்ளூவியம் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அக்டோபரில் டெங்கு, டிசம்பரில் ஆரம்பித்த உதிர்வு. கணக்கு அப்படியே பொருந்துகிறது. வேறு காரணம் எதுவும் இல்லை என்றால் இது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகக் குறையும். வேர் சாகவில்லை, அதே இடத்தில் புது முடி முளைக்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காய்ச்சலுக்குப் பிறகு உதிர்கிறவர்கள் யாராவது சொன்னார்கள் என்று ஏதாவது ஒன்றைத் தடவ ஆரம்பிப்பார்கள். நாலு மாதத்தில் உதிர்வு தானாக நிற்கும். பெயர் அந்த எண்ணெய்க்குப் போகும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண், கல்லூரி முடித்த வயது, ஏழெட்டு மாதம் செம்பருத்திக் கஷாயமும் எண்ணெயுமாகவே பொறுமையாகக் காத்திருந்தாள். களைப்பு, உடம்பு எடை ஏறுவது எல்லாவற்றையும் வேலைச் சுமை என்று நினைத்துக்கொண்டாள். கடைசியில் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைபாடு என்று வந்தது. நானும் அந்த மாதங்களில் "இன்னும் கொஞ்ச நாள் பாரேன்" என்று சொல்லியிருக்கிறேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது. அதனால்தான் இப்போதெல்லாம் உதிர்வு மூன்று மாதத்தைத் தாண்டினால் முதலில் ரத்தம் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். செம்பருத்திக்கும் முடிக்கும் நம் சென்னையிலேயே ஒரு வேலை நடந்திருக்கிறது. அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்டது. செம்பருத்தி இலையின் சாற்றையும் பூவின் சாற்றையும் எலிகளிலும், ஆய்வுக்கூடத்தில் தனியாக வளர்த்த முடி வேர்களிலும் சோதித்தார்கள். வளர்ச்சிக்கு உதவியதாகவும், பூவைவிட இலை மேலானதாகவும் வந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் இதை வைத்து "நிரூபிக்கப்பட்டது" என்று பாட்டிலில் எழுதுகிறார்களே, அங்கேதான் நான் நிற்கிறேன். அவர்கள் எடுத்தது பெட்ரோலியம் ஈதர் என்ற கரைப்பானில் இறக்கிய சாறு. எண்ணெய்ப் பசையுள்ள பொருள்கள்தான் அதில் வரும். வெந்நீரில் இறங்குவது வேறு பொருள்கள். எலியின் தோலும் மனிதரின் மண்டையும் ஒன்றல்ல. அதோடு, அலசல் தண்ணீர் தலையில் நிற்பதே இரண்டு மூன்று நிமிடம்.

ரோஸ்மேரிக்கும் இதே கதை. 2015-இல் ஈரானில் 100 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு ரோஸ்மேரி எண்ணெய், பாதிப் பேருக்கு முடி வளர மருத்துவர்கள் தரும் தடவு மருந்தான மினாக்சிடில், 2 சதவீதம். மூன்று மாதத்தில் இரண்டு பக்கமும் ஒன்றும் தெரியவில்லை, ஆறு மாதத்தில் இரண்டிலும் கொஞ்சம் முன்னேற்றம். ஒன்றுமே தடவாத ஒரு குழு அதில் இல்லை என்பது பெரிய குறை. அது பரம்பரையாக வருகிற வழுக்கைக்குச் செய்த ஆய்வு, அதுவும் எண்ணெயை வைத்து. நீங்கள் இலையைக் கொதிக்கவைத்து ஊற்றப் போவது வேறு சமாசாரம். கிரீன் டீயில் உள்ள பொருள் ஆய்வுக்கூடத்தில் முடி வேர் செல்களைத் தூண்டியது என்பது உண்மை. தலையில் ஊற்றினால் அதே நடக்குமா என்பது சந்தேகம். சாதாரண டீத்தூள் டிகாஷன் நரையைக் கொஞ்ச நாள் மங்கலாக்கும், ஆனால் அதன் துவர்ப்பு வறண்ட முடியை இன்னும் வறட்டும். உங்களுக்கு அது வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போடவும் வேண்டாம். நாளைக்கு அரிப்பு வந்தால் எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

இனி செய்முறை. காய்ந்த டீயாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். கொதித்த தண்ணீரை இறக்கி அதில் போட்டு மூடி, கால் மணி நேரம் கழித்து வடிகட்டுங்கள். கெட்டியாகப் போட்டால் அதன் பிஎச் 3 வரைக்கும் இறங்கும், மண்டையில் புண் இருந்தால் எரியும், கண்ணில் பட்டால் துடித்துப் போவீர்கள். ஹாஸ்டலில் ஃபில்டர் தண்ணீரோ கேன் தண்ணீரோ இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் அதில் போடுங்கள், உப்புத் தண்ணீரில் போட்டால் புளிப்பின் பாதி வேலை பாத்திரத்திலேயே முடிந்துவிடும். நன்றாக ஆறிய பிறகு, ஷாம்பூ அல்லது சீயக்காய் போட்டு அலசி முடித்த தலையில், மேலிருந்து மெதுவாக ஊற்றி இரண்டு நிமிடம் விட்டு, சாதாரணத் தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். வெள்ளைத் துண்டு வேண்டாம், கறை படியும். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் தேவையில்லை.

வீட்டுச் செம்பருத்தி கிடைத்தால் பத்துப் பன்னிரண்டு இலையும் நாலைந்து பூவும் எடுத்துக்கொள்ளுங்கள். பூவின் அடிக்காம்பையும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டையும் கிள்ளிவிடுங்கள், அந்த மகரந்தம் முடியில் ஒட்டினால் எளிதில் போகாது. மருந்தடித்த செடியா என்று கேட்டுவிட்டுப் பறியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கையால் நன்றாகக் கசக்கிப் பிழிந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். மிக்ஸியில் அரைத்து அப்படியே அப்புகிறவர்கள் உண்டு. நீள முடிக்காரர்கள் அப்படிச் செய்யாதீர்கள், சக்கையை எடுக்க அரை மணி நேரம் போகும், எடுக்கும்போதே பத்து முடி அறுந்து வரும். ஐந்திதழ்ச் சிவப்புப் பூதான் வேண்டும், அடுக்குச் செம்பருத்தி ஆகாது என்று சொல்வார்கள். சிவப்பு ஐந்திதழ்தான் வழக்கம், ஆனால் வழவழப்புக்காக என்றால் அடுக்குச் செம்பருத்தியின் இலையும் எனக்கு நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

செய்த அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ஒரு முறை மே மாதத்தில், காலையில் இறக்கிய சாற்றை மீதம் வைத்து மறுநாள் ஒரு வாடிக்கையாளருக்குப் போட்டுவிட்டேன். லேசாக வாடை வந்தது, பச்சிலை வாடைதானே என்று விட்டேன். இரண்டு நாள் மண்டை அரிப்போடு அவர் திரும்பி வந்தார். சென்னை வெயிலில் சர்க்கரைப் பொருள் உள்ள தண்ணீர் ஒரே நாளில் கெட்டுப்போகும். அன்றிலிருந்து மீதம் வைக்கும் பழக்கமே என்னிடம் இல்லை. முதல் தடவை போடுமுன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பொடுகு இருந்தால் இதை நம்பாதீர்கள். பொடுகுக்குக் காரணமான ஈஸ்ட் இதனால் போகாது, மருந்துக் கடையில் கிடைக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பூவைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அலசிய பிறகு ஈரத் தலையை முடிந்துகொண்டு ஆபீஸ் பஸ் ஏறாதீர்கள். ஈரமான முடிதான் சுலபமாக இழுபட்டு அறும்.

ஷாம்பூவை விடலாமா என்றால், செம்பருத்தியில் அழுக்கை எடுக்கும் சக்தி குறைவு. அழுக்கை எடுப்பது சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள நுரைக்கும் பொருள்தான். சீயக்காயைக் கடையில் கொடுத்து நைசாக அரைத்து வைத்துக்கொண்டால் ஷாம்பூவை விடலாம். ஓ.எம்.ஆர். சாலைத் தூசியில் தினமும் போய்வருகிற உங்களுக்கு வாரம் இரண்டு தடவை மென்மையான ஷாம்பூவே சுலபம். அதில் ஒரு குறையும் இல்லை.

உதிர்வுக்கு நீங்கள் இப்போது செய்ய வேண்டியது சாப்பாடும் ஒரு ரத்தப் பரிசோதனையும். டெங்குவுக்குப் பிறகு ஹாஸ்டல் சாப்பாட்டில் உடம்பு எவ்வளவு தேறியிருக்கும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. முட்டை, பயறு, கீரை ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும். ஹீமோகுளோபின், உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். வகிடு அகலமாகிக்கொண்டே போனால், காசு அளவுக்கு வட்டமாக முடி போனால், மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தால், ஏப்ரல் வந்தும் உதிர்வு குறையவில்லை என்றால், தோல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். அந்தக் காரணங்களுக்கு உண்மையான மருந்துகள் இருக்கின்றன, சீக்கிரம் ஆரம்பித்தால் பலனும் அதிகம். அந்த டீயைக் குடிக்கவும் செய்கிறீர்களா என்று தெரியவில்லை. அது ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

கடைசியாக, செடி. காய்ந்த செம்பரத்தைப் பூ மயிலாப்பூர், பாரிமுனை நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும், ஆனால் உங்களுக்கு வேண்டியது பச்சை இலை. ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரு தொட்டி வைக்க அனுமதி கேளுங்கள். யார் வீட்டிலாவது பென்சில் தடிமனில் ஒரு சாண் நீளக் கிளையை வாங்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றி முதலில் நிழலில் வையுங்கள். ஒன்றுக்கு மூன்றாக ஊன்றினால் ஒன்றாவது பிடிக்கும். துளிர் விட்ட பிறகு வெயிலுக்கு மாற்றுங்கள். இலைக்காம்பில் வெள்ளையாக மாவுப்பூச்சி வரும், இந்த ஊரில் அது வராத செம்பருத்தியை நான் பார்த்ததில்லை. மருந்தடிக்காமல் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் போதும். அது இலை தருகிற அளவுக்கு வளர்வதற்குள் உங்கள் நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டியாகப் புது முடி நிற்கும் என்று நம்புகிறேன். நின்றால் இங்கே வந்து ஒரு வரி எழுதுங்கள்.